நாற்பது வயதுப் பாலகன்

மாப்ள, தீபாவளி போனஸ் கையில விழுந்ததும் பையனுக்கு அந்த விளையாட்டுப் பெட்டியை வாங்கிக் கொடுத்தே. அவன் கேட்டான்னு கூடவே யுஎஃப்சி 5 வேற. அவன் அதுல ஊரையே அடிச்சுப் போட்டதுக்கப்புறம் இப்ப என்கிட்ட வந்து, "மாமா, ஒன்பது வயசுப் பிள்ளைக்கு இந்தச் சண்டை கேம் ஆகுமா ஆகாதா?"ன்னு கேக்குற. கேட்டதே பெரிசு. உங்கப்பன் அதுகூடக் கேட்டதில்ல. செய்யறதுக்கு முன்னாடியும் கேக்க மாட்டான், செஞ்சதுக்கப்புறமும் கேக்க மாட்டான்.

எனக்கு என்ன தெரியும்னு உனக்குள்ள ஒரு யோசனை ஓடும். ஓடட்டும். கெடாவுல பீடோங் பக்கத்துத் தோட்டத்துல ரப்பர்ப் பால் வெட்டி, பால் வாளியைக் காண்டாக் கம்புல மாட்டித் தூக்கித் தோள் காய்ச்சுப் போனவன் நான். உன் பையன் கையில இருக்கிற கருவியில எத்தனை பொத்தான்னு எண்ணவே மூக்குக்கண்ணாடி தேடணும். ஆனா சண்டைன்னா என்னன்னு தெரியும். சம்பள நாள் சாயங்காலம் கள்ளுக்கடை வாசல்ல அரைக்கால் சட்டையோட நின்னு படிச்ச பாடம் அது. அங்க எந்த வாரியமும் வந்து இத்தனை வயசுக்கு மேலதான் பாக்கணும்னு சீட்டு ஒட்டல. 1947ல ஆர்வார்ட் தோட்டத்து ஏ.எம்.சாமி தொண்டர் படையைக் கூட்டிக்கிட்டுக் கள்ளுக்கடை மறியலுக்குக் கிளம்பினார் பாரு, அவரு ஒருத்தருக்குத்தான் பிள்ளைங்க எதைப் பாத்து வளருதுங்கன்னு கவலை இருந்திருக்கு. எங்கப்பா அந்த வீரக் கதையை அழகா சொல்லுவாரு. சொல்லிக்கிட்டே கள்ளுக்குப் போவாரு.

சரி, சீட்டுக்கு வருவோம். யுஎஃப்சி வந்த பெட்டி மேல மூலையில ஒரு எழுத்து இருக்கே, பாத்தியா? பாத்திருக்க மாட்ட. விலைச் சீட்டு மட்டும் பாத்திருப்ப. அமெரிக்காவுல ஈஎஸ்ஆர்பின்னு ஒரு வாரியம். ஒவ்வொரு விளையாட்டுக்கும் வயசு குறிக்கிறது அதோட வேலை. இந்த யுஎஃப்சியில முன்ன வந்த நாலு பாகத்துக்கும் அவங்க ‘டீன்’னு போட்டாங்க. 13 வயசு ஆனா போதும். 2023 அக்டோபர்ல வந்த அஞ்சாவதுக்கு மட்டும் ‘மெச்சூர்’னு போட்டாங்க. 17 வயசு ஆகணும். அஞ்சாவதுல அப்படி என்ன புதுசு? குத்து அதே குத்து, உதை அதே உதை. இப்ப முகத்துல ரத்தம் நிஜமாவே வழியற மாதிரி வழியுது. கண்ணு வீங்கி மூடுது. புருவம் கிழியுது. ரொம்பக் கிழிஞ்சா நடுவர் ஆட்டத்தை நிறுத்தி டாக்டரைக் கூப்பிடுறார். டாக்டர் தலையை ஆட்டினா அதோட சரி.

கணக்கைப் பாரு மாப்ள. ஒருத்தனைக் கீழ தள்ளி, மேல ஏறி உக்காந்து, முழங்கையால மூஞ்சியில மொத்தறது 13 வயசுப் பிள்ளைக்கு ஆகும். மொத்தினா ரத்தம் வரும்னு காட்டறது 17 வயசுக்கு முன்னாடி ஆகாது. பெரிய படிப்புப் படிச்சவங்க உக்காந்து முடிவு பண்ணது. நாம காண்டா தூக்கினவங்க, எதுக்கு வாயைத் திறக்கணும்.

இந்த ரத்தப் பஞ்சாயத்து பழசு. 1993 செப்டம்பர்ல மோர்ட்டல் கொம்பாட்டுன்னு ஒரு சண்டை விளையாட்டு வீட்டுப் பெட்டிக்கு வந்துச்சு. ஜெயிச்சவன் தோத்தவனோட தலையை முதுகெலும்போட பிடுங்கி எடுப்பான். அவ்வளவு சாதுவான விளையாட்டு. நிண்டெண்டோக்காரன் ரொம்ப நல்லவன், பிள்ளைங்க கெட்டுப் போகக் கூடாதுன்னு ரத்தத்தைச் சாம்பல் கலர் வேர்வையா மாத்தி வித்தான். தலைப் பிடுங்கறதையும் மாத்திட்டான். சேகாக்காரன் அவனைவிடக் கெட்டிக்காரன். பெட்டியில ரத்தம் கிடையாதுன்னு சொல்லிட்டு, பொத்தானை ஒரு ரகசிய வரிசையில தட்டினா வரும்னு வெச்சான். அந்த ரகசியம் தெரியாத பிள்ளை ஊர்ல ஒண்ணு பாக்கியில்ல. எது நல்லா வித்துதுன்னு நான் சொல்லணுமா? மறுவருஷம் இரண்டாம் பாகம் வந்தப்ப நிண்டெண்டோவோட வேர்வையும் சிவந்துருச்சு. அதுக்குள்ள லீபர்மன்னு ஒரு செனட்டர் 1993 டிசம்பர்ல விசாரணையைக் கூட்டி, கம்பெனிக்காரங்களை நிக்க வெச்சுக் கேள்வி கேட்டார். அரசாங்கம் கையை வைக்கிறதுக்குள்ள நாமே வெச்சுக்குவோம்னு 1994ல கம்பெனிக்காரங்களே ஏற்படுத்திக்கிட்டதுதான் நான் சொன்ன வயசு வாரியம். ஆக, சமையக்காரரே உப்பு பாத்துச் சொல்ற ஏற்பாடு. அதுக்காகத் தப்பாத்தான் சொல்லுவாங்கன்னு நான் சொல்லல.

டபிள்யூடபிள்யூஈ மல்யுத்த விளையாட்டுக்கு அதே அமெரிக்கா 13 போடுது, ஐரோப்பாக்காரன் 16 போடுறான். ஒரே ஆள், ஒரே நாற்காலி, ஒரே முதுகு. கடலைத் தாண்டினா மூணு வயசு கூடிப் போகுது. சுங்கை பட்டாணியில அதே முதுகுக்கு எத்தனைன்னு யாரும் அளக்கல.

நம்ம நாட்டைக் குறை சொல்றேன்னு நினைக்காத. நம்மாளுங்க வேகமா வேலை செஞ்சதும் உண்டு. 2017 செப்டம்பர்ல ஃபைட் ஆஃப் காட்ஸ்னு ஒரு விளையாட்டு வந்துச்சு. தைவான்காரங்க செஞ்சது. ஏசுவும் புத்தரும் ஜீயஸும் மேடையேறி ஒருத்தரை ஒருத்தர் மொத்திக்குவாங்க. நம்ம தகவல்தொடர்பு ஆணையம் 24 மணி நேரம் கெடு கொடுத்துச்சு. எடுக்கலன்னதும் அந்த ஒரு விளையாட்டுக்காக, ஆயிரக்கணக்குல விளையாட்டு விக்கிற ஸ்டீம்ங்கிற இணையக் கடையையே மலேசியாவுல மூடிட்டாங்க. கம்பெனிக்காரன் இங்க மட்டும் அதைத் தூக்கினதும்தான் கடை திறந்துச்சு. சாமியைச் சாமி அடிச்சா ஒரு நாள்ல தீர்ப்பு. மனுசனை மனுசன் அடிக்கிறதுக்கு யாருக்கும் அவ்வளவு அவசரம் வந்து நான் பாத்ததில்ல. 2019ல நியூசிலாந்துப் பள்ளிவாசல்ல துப்பாக்கிச் சூடு நடந்தப்ப நெகிரி செம்பிலான் முப்தி பப்ஜிங்கிற துப்பாக்கி விளையாட்டைத் தடை பண்ணணும்னார். இளைஞர் அமைச்சரா இருந்த சைட் சாடிக் வேணாம்னார். ரெண்டு பேரும் பேசி முடிக்கிறதுக்குள்ள நம்ம தாமான் பசங்க ஆளுக்கு ஒரு ஆட்டம் முடிச்சிருந்தாங்க. புத்தகத்தையும் விடல. 2020 டிசம்பர்ல நம்ம லூனாஸ் மண்ணை வெச்சு ம.நவீன் எழுதின ‘பேய்ச்சி’ நாவலை உள்துறை அமைச்சு தடை பண்ணிச்சு. நம்ம தாமான்ல மொத்தமா எண்ணினாலும் ஒரு தமிழ் நாவலை முழுசாப் படிச்சவங்க எத்தனை பேரு? அதுலேருந்து நம்மைக் காப்பாத்திட்டாங்க. உன் வீட்டுக் கூடத்துல இருக்கிற பெட்டியிலேருந்து உன் பையனைக் காப்பாத்த வேண்டியது நீதான் போல.

நீ சொல்லுவ, "மாமா, நீங்க பாக்காத வன்முறையா?"ன்னு. அங்கதான் எனக்கும் கொஞ்சம் இடிக்குது. 2011ல அமெரிக்க உச்ச நீதிமன்றத்துல ஒரு வழக்கு. வன்முறை விளையாட்டைப் பிள்ளைகளுக்கு விக்கக் கூடாதுன்னு கலிபோர்னியா மாநிலம் போட்ட சட்டம். 7க்கு 2ன்னு சட்டம் தோத்துச்சு. தீர்ப்பெழுதின ஸ்கேலியா, பிள்ளைங்களுக்குச் சொல்ற பழைய ஜெர்மன் கதையை எல்லாம் இழுத்தார். சூனியக்காரியை அடுப்புக்குள்ள தள்றது, ராணியைப் பழுக்கக் காய்ச்சின செருப்பு போட்டு ஆட விடறது. இதெல்லாம் சொல்லித்தானே வளக்குறோம்னு கேட்டார்.

பாவம், அவரு நம்ம தோட்டத்துக் கோயிலுக்கு வந்ததில்ல. வந்திருந்தா தீர்ப்பு இன்னும் பத்துப் பக்கம் கூடியிருக்கும். காளியம்மன் கழுத்துல எத்தனை தலைன்னு எண்ணி எண்ணித்தான் நான் எண்ணவே கத்துக்கிட்டேன். மதுரைவீரனை மாறுகால் மாறுகை வாங்கினதைக் கேட்டுட்டுத்தான் தூங்கப் போனோம். காத்தவராயனைக் கழுவில ஏத்தினது, நல்லதங்காள் ஏழு பிள்ளையைக் கிணத்துல தள்ளினது, துச்சாதனன் ரத்தத்தைப் பாஞ்சாலி கூந்தல்ல தடவிக்கிட்டது. எல்லாம் ஆறு வயசுக்குள்ள முடிஞ்சுது. ஒரு சீட்டும் இல்ல. துரியோதனனைப் பீமன் தொடையில அடிச்சான் பாரு, கதாயுத்தத்துல இடுப்புக்குக் கீழ அடிக்கிறது கள்ள ஆட்டம். நடுவர் மாதிரி இருந்த பலராமன் கலப்பையைத் தூக்கிக்கிட்டு அடிக்கவே வந்துட்டார். கண்ணன் சமாதானம் பண்ணி அனுப்பினான். அந்தக் கண்ணன்தான் எங்க அடிக்கணும்னு ஜாடை காட்டினவன். இதை எந்த வயசுக்குன்னு சொல்லுவ?

ஆனா மாப்ள, அந்தக் கதையெல்லாம் பெட்டியிலேருந்து வரல. எங்க ஆத்தா வாயிலேருந்து வந்துச்சு. நல்லதங்காள் நாலாவது பிள்ளையைத் தூக்கறப்ப ஆத்தா முந்தானையில மூக்கைச் சிந்துவா. நாங்க கிணத்தைப் பாக்கல, ஆத்தா மூஞ்சியைத்தான் பாத்தோம். எந்த இடத்துல சிரிக்கணும், எந்த இடத்துல வாயைப் பொத்திக்கணும்னு அங்க எழுதியிருந்துச்சு. உன் பையன் விளையாடுறப்ப திரும்பிப் பாத்தா யாரு மூஞ்சி இருக்கு? நீ சோபாவுல குறட்டை, உன் பெண்டாட்டி போன்ல நாடகம்.

அதுக்காக எங்க காலத்துல எல்லாரும் விவரமா இருந்தோம்னு புளுக மாட்டேன். தோட்டத் திடல்ல வெள்ளைத் துணி கட்டி எம்ஜிஆர் படம் போடுவாங்க. நம்பியார் வந்தாருன்னா கிழவிங்க மண்ணை வாரித் தூத்துவாங்க. "நாசமாப் போறவனே, உனக்கு நல்ல சாவு வராதுடா"ன்னு கத்துவாங்க. நிஜத்துல நம்பியார் குருசாமி. வருஷா வருஷம் மாலை போட்டு, ஊரைக் கூட்டிக்கிட்டுச் சபரிமலைக்குப் போனவர். அறுபது வயசுக் கிழவிக்கே திரைக்கும் தரைக்கும் வித்தியாசம் தெரியல, ஒன்பது வயசுப் பிள்ளைக்குத் தெரியுமான்னு கேக்கலாம். கேக்குறதுல நியாயம் இருக்கு. படம் முடிஞ்ச மறுநாள் நாங்க ரப்பர்க் கம்பை உடைச்சுக் கத்திச் சண்டை போட்டோம். ஒருத்தன் புருவம் கிழிஞ்சுது. தையல் போட்டுட்டு வந்து எங்க எல்லாரையும் அவங்கப்பன் காண்டாக் கம்பால விரட்டினான். புருவம் கிழிஞ்சா எவ்வளவு ரத்தம் கொட்டும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் கம்பை ஓங்கறப்ப கை கொஞ்சம் யோசிக்கும்.

அந்த யோசனைதான் உன் பெட்டியில கிடைக்க மாட்டேங்குது. சிலம்பம் சொல்லித் தர்ற வாத்தியார் முதல்ல என்ன பண்ணுவார்? மண்ணைத் தொட்டுக் கும்பிடச் சொல்லுவார். அப்புறம் அடியைத் தடுக்கச் சொல்லித் தருவார். கணுக்கால்ல நாலு அடி வாங்கினதுக்கப்புறம்தான் அடிக்கவே விடுவார். நம்ம கெடாவுல தோமோய் பழகுற பசங்களைக் கேளு. முழங்கால் தோல் உரியாதவன் ஒருத்தன் இருக்க மாட்டான். உன் பையன் ஒரு ராத்திரியில நாப்பது பேரை விழுத்தினான். கட்டைவிரல்ல ஒரு கொப்புளம் இல்ல.

"அப்ப நிஜச் சண்டைக்கே அனுப்பிடவா?"ன்னு உன் வாய் துறுதுறுங்குது. அவசரப்படாத. எல்லைக்கு அந்தப் பக்கம் தாய்லாந்துல என்ன ஆச்சு? 2018 நவம்பர்ல 13 வயசுப் பையன் ஒருத்தன் தாய்க் குத்துச்சண்டை மேடையில தலையில அடி வாங்கி மூளையில ரத்தம் கசிஞ்சு செத்துப் போனான். எட்டு வயசுலேருந்து மேடையேறினவன், சுமார் 170 ஆட்டம் ஆடினவன். தலைக்கவசம் கிடையாது. 12 வயசுக்குக் கீழ மேடை ஏத்தக் கூடாதுன்னு சட்டம் கொண்டு வரணும்னு அங்க அதுக்கு முன்னாடியே பேசிக்கிட்டுத்தான் இருந்தாங்க. பொம்மைச் சண்டைக்குப் பெட்டி மேல சீட்டு ஒட்டறதுக்கு உலகம் முப்பது வருஷமா வாதாடுது. நிஜப் பிள்ளையை நிஜ மேடையில ஏத்தினப்ப, பெரியவங்க சுத்தி நின்னு வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தாங்க. இதை நையாண்டியா சொல்ல எனக்கு நாக்கு வரல.

எனக்கு முகமது அலியைப் பிடிக்கும். 1975 ஜூலை 1ஆம் தேதி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்துல ஜோ பக்னரோட மோதினார். அமெரிக்காக்காரன் ராத்திரி டிவியில பாக்கணும்னு நமக்குக் காலையில வெச்சாங்க. 15 சுற்று, புள்ளிக் கணக்குல அலி ஜெயிச்சார். அன்னைக்குப் பாதி மரம் வெட்டாம நின்னுது, கங்காணிக்கே பால் கணக்கு நினைப்பில்ல. அந்த அலியோட கை 1996ல அட்லாண்டா ஒலிம்பிக்ஸ்ல தீபம் ஏத்தறப்ப நடுங்கினதையும் டிவியில பாத்தேன். பார்க்கின்சன் நோய். தலையில வாங்கின அடிக்கும் அதுக்கும் எவ்வளவு தொடர்புன்னு டாக்டருங்க இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க. ஆனா அந்தக் கையைப் பாத்தவன் யாரும் குத்துச்சண்டையைச் சும்மா விளையாட்டுன்னு சொல்ல மாட்டான். அதே அலி உன் வீட்டுப் பெட்டியில இருக்கார் மாப்ள. யுஎஃப்சி 5ல அவரைத் தேர்ந்தெடுத்து ஆடலாம். உன் பையன் காட்டினான். எத்தனை ஆட்டம் ஆடினாலும் கை நடுங்காத அலி.

ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னு உன் கூட்டாளி கேட்டான்னியே, அதையும் சுருக்கமா சொல்லிடுறேன். அமெரிக்க உளவியல் சங்கம் 2020ல தீர்மானம் போட்டுச்சு. வன்முறை விளையாட்டுக்கும் கத்தறது, தள்ளி விடறது மாதிரி முரட்டுத்தனத்துக்கும் சின்னதா ஒரு தொடர்பு தெரியுது, ஆனா அதுதான் கொலைக்கும் வெட்டுகுத்துக்கும் காரணம்னு சொல்ல ஆதாரம் போதாதுன்னுச்சு. அதுக்கு முந்தின வருஷம் ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சிக்காரங்க பிரிட்டன்ல 14, 15 வயசுப் பிள்ளைங்க ஆயிரம் பேரையும் அவங்க பெத்தவங்களையும் கேட்டுப் பாத்தாங்க. விளையாட்டுல இருக்கிற வன்முறைக்கும் பிள்ளையோட முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு ஒண்ணும் தெரியல. ஆக, உன் பையன் நாளைக்கு அருவா தூக்குவான்னு நீ பயப்பட வேண்டாம். அவன் 14 வயசும் இல்ல, பிரிட்டன்லயும் இல்ல. அதனால தைரியமா இருந்துடவும் வேண்டாம்.

நான் என்ன பண்ணேன் தெரியுமா? நீ கூலிம் ஹைடெக் பூங்காவுக்கு ராத்திரி ஷிப்ட் போயிருந்த சனிக்கிழமை, அவன் பக்கத்துல போய் உக்காந்தேன். "தாத்தாவுக்கும் சொல்லிக் கொடுடா"ன்னேன். பையன் குணமா சொல்லிக் கொடுத்தான். உன்னைவிடப் பொறுமை. முதல் ஆட்டத்துல என்னை இருபது எண்றதுக்குள்ள விழுத்திட்டான். அடுத்தது எவனோ எந்த நாட்டிலேயோ இருக்கிறவனோட. அந்தப் பக்கத்துக்காரன் காதுல மாட்டுற கருவி வழியா ஏதோ சொன்னான், உன் பையன் திருப்பிச் சொன்னான். அது என்ன வார்த்தைன்னு நான் கேட்டதுக்கு, "வணக்கம்னு அர்த்தம் தாத்தா"ன்னான். அவன் வணக்கம் சொன்ன தோரணை எனக்குக் கள்ளுக்கடை வாசல்ல பழக்கம்.

அப்புறம்தான் விசயமே. எதிராளிக்கு இடது கண்ணு வீங்க ஆரம்பிச்சுது. நான் பாத்து, "பாவம்டா, கண்ணு போச்சு"ன்னேன். அவன் துள்ளிக் குதிச்சான். "அதான் தாத்தா! அந்தக் கண்ணையே குத்தணும். குத்திக்கிட்டே இருந்தா டாக்டர் வந்து நிறுத்திடுவாரு. நான் ஜெயிச்சுடுவேன்!" குத்தினான். நிறுத்திட்டார். ஜெயிச்சான். என்னைப் பாத்துக் கன்னத்துல குழி விழச் சிரிச்சான். நம்ம வீட்டுப் பிள்ளை மாப்ள, நாய்க்குட்டி நொண்டினா அழுவுறவன்.

அங்கதான் அந்த அமெரிக்காச் சீட்டு எனக்குப் பிடிச்சுப் போச்சு. ரத்தத்தைக் கழுவிட்டுச் சண்டையைக் காட்டறது பொய், காயத்தைக் காட்டறதுதான் நேர்மைன்னு நான் வாதாடிக்கிட்டே வந்திருக்கேன், கவனிச்சியா? 17, 18 வயசுப் பையன் அந்த வீங்கின கண்ணைப் பாத்தா அவனுக்குள்ள ஏதோ சுருங்கலாம். ஒன்பது வயசுல அது வெறும் குறி. டாக்டர்ங்கிறவர் காப்பாத்த வர்றவர்னு அவன் நினைக்கல, புள்ளி கொடுக்க வர்றவர்னு நினைக்கிறான். அவன் கெட்ட பிள்ளை இல்ல. விளையாட்டோட விதியை ஒழுங்கா படிச்சிருக்கான், அவ்வளவுதான். கணக்குல அந்தப் புத்தியைக் காட்டினா பள்ளிக்கூடத்துல வாத்தியாரம்மா உன்னை வரச் சொல்லியிருக்க மாட்டாங்க.

இன்னொண்ணும் பாத்தேன். தோக்கப் போறான்னு தெரிஞ்சதும் ஆட்டத்துலேருந்து வெளியே வந்துட்டான். சாப்பிடக் கூப்பிட்டதுக்கு மூணு தடவை "இருங்க"ன்னான், நாலாவது தடவை அம்மாவைப் பாத்துக் கத்தினான். ஒருத்தனை எழுந்து நிக்க முடியாம அடிச்சது எனக்குப் பெரிசாப் படல. இது பட்டுச்சு.

உன்னைத் திட்டறதுக்கு நான் கிளம்பல. முன்ன தோட்டத்துல ஆயாக் கொட்டகை இருந்துச்சு. விடியக்காலைப் பிரட்டுக்குப் போறதுக்கு முன்னாடி உங்கம்மா உன்னை அங்க தொட்டில்ல போட்டுட்டுப் போவா. ஆயா கிழவி பாலைக் கரைச்சுக் கொடுப்பா, சண்டை போட்டா முதுகுல ஒண்ணு வைப்பா. தோட்டத்தைத் துண்டு போட்டு வித்தாங்க, லயத்தை இடிச்சாங்க, நாமெல்லாம் தாமான் வீட்டுக்கு வந்தோம். கொட்டகை மட்டும் கூட வரல. நீ ராத்திரி ஷிப்ட், உன் பெண்டாட்டி பகல் ஷிப்ட், பாட்டியும் இல்ல. அப்ப அந்தப் பெட்டிதான் ஆயா. அதுகிட்ட நான் குறை சொல்ற ஒரே விசயம், இந்த ஆயா தூங்க வைக்க மாட்டேங்குது, முதுகுலயும் ஒண்ணு வைக்க மாட்டேங்குது. ஆட்டத்து வீரனுக்குப் புதுக் கால்சட்டை வேணும்னா வெள்ளி மட்டும் கேக்குது.

அதனால என் தீர்ப்பு. யுஎஃப்சி 5 ஒன்பது வயசுக்கு ஆகாது. 13க்கும் ஆகாது. மீசை முளைச்சதும் அவனே வாங்கிக்கட்டும். பிடுங்கித் தோட்டத்துல வீசற வேலை எல்லாம் வேணாம், 200 வெள்ளிக்கு மேல கொடுத்திருப்ப. கடையில கொடுத்து வேற மாத்திக்கலாம், பந்து விளையாட்டு இருக்கு, கார் ஓட்டறது இருக்கு. சண்டைதான் வேணும்னு அடம் பிடிச்சா, ஸ்ட்ரீட் ஃபைட்டரை இன்னும் நாலு வருஷம் கழிச்சுப் பாரு. அதுல தால்சிம்னு நம்மூர்ச் சாமியார் ஒருத்தர் 1991லேருந்து கழுத்துல மண்டையோடு மாட்டிக்கிட்டு, கையை ரப்பராட்டம் நீட்டி, வாயால தீ கக்கிக்கிட்டு இருக்கார். ஊருக்கு உதவிப் பணம் சேக்கத்தான் சண்டை போடுறாராம். கோயில் நிர்வாகத்துல யாருக்காவது சொல்லிடாத, அடுத்த கும்பாபிஷேகத்துக்கு அவரைக் கூப்பிட்டுடுவாங்க. எந்த விளையாட்டா இருந்தாலும் முதல் வாரம் ரெண்டாவது கருவியை நீ பிடிக்கணும். அவன்கிட்ட அடி வாங்கணும். தோத்துட்டு எப்படி எழுந்து போய்ச் சாப்பிடறதுன்னு நீதான் காட்டணும். உங்கப்பன் தாயக்கட்டையில தோத்தா பலகையைக் கவுத்துவான், அந்த ரத்தம் கொஞ்சம் பேரன் உடம்புல ஓடுது.

காதுல மாட்டுறதை வாங்கி உன் பீரோவுல வை. ஞாயித்துக்கிழமை சிலம்பத்துக்கு அனுப்பு. நாலு அடி வாங்கட்டும். அடி வாங்கிட்டு வந்து வாத்தியாரைக் குறை சொன்னா கேக்காத மாதிரி இரு.

கடைசியா ஒண்ணு. அந்தப் பெட்டிக்குள்ளயே பூட்டு இருக்கு மாப்ள. பிள்ளைக்குத் தனிக் கணக்கு திறந்தா, எந்த வயசு விளையாட்டு வரைக்கும் திறக்கலாம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், மாசம் எவ்வளவு காசு, யாரோட பேசலாம், எல்லாத்தையும் பெத்தவங்க வரையறுக்கலாம். உன் பையன்கிட்டதான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். "அப்ப உன்னை ஏன்டா அது தடுக்கல?"ன்னேன். "கணக்கு திறக்கறப்ப அப்பா தூக்கத்துல இருந்தாரு தாத்தா. பொறந்த வருஷம் என்னன்னு கேட்டுச்சு. அப்பாவோடதைப் போட்டுக்கடான்னாரு"ன்னான். அந்தப் பெட்டியைப் பொறுத்தவரைக்கும் உன் பையன் 1985ல பொறந்தவன். நாப்பது வயசுக்காரனுக்கு யுஎஃப்சி தாராளமா ஆகும், அது பாட்டுக்குத் திறந்து விட்டிருக்கு. என்கிட்ட வந்து வயசு கேக்குற நீ, அதுகிட்ட முதல்ல உண்மையான வயசைச் சொல்லு.

பூட்டுக்கு நாலு எண் போடச் சொல்லும். அதையும் அவனையே போடச் சொல்லாத. அவன் பொறந்த நாள் வேணாம், கார் நம்பர் வேணாம், ரெண்டும் அவனுக்குத் தெரியும். உன் கல்யாணத் தேதியைப் போடு. உன் பெண்டாட்டிகிட்ட கேட்டுட்டுப் போடு.